ரேவதியை ஓட விட்ட பாட்டி

அம்பத்தூர்ல இருந்து பேசுறேன். ரேவதி வீரமணின்னாலே வெறுங்காலோட ஓடின கதையத்தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அவங்க பாட்டி எடுத்த முடிவுதான் பெருசு. மதுரைப் பொண்ணு, சின்ன வயசுலயே அப்பா, அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. பேத்திகளை வேலைக்கு அனுப்புன்னு சொந்தக்காரங்க சொன்னப்போ, கூலி வேலை பார்த்த பாட்டி கேக்கவே இல்ல, படிக்க வெச்சாங்க. ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் கண்ணன்.

2021 ஜூலை, பட்டியாலா தகுதிப் போட்டி: 400 மீட்டர், 53.55 நொடி, முதலிடம். அதே மாசம் டோக்கியோ ஒலிம்பிக், கலப்புத் தொடர் ஓட்டம். முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நாலு பேர்ல மூணு பேர் தமிழ்நாடு! 3 நிமிஷம் 19.93 நொடி, தகுதிச் சுற்றோட வெளியேறிட்டாங்க. அதை வெச்சு ‘ஏமாற்றம்’னு சொன்னா எனக்குக் கடுப்பாகும்.

ஆவடி லோக்கல்ல இதைக் கேக்குறவங்களுக்கு ஒண்ணு: ரேவதிக்கு வேலை கொடுத்ததும் நம்ம தெற்கு ரயில்வேதான்.