ஆபரேஷன் இலவசம், போய்வரும் செலவு யாருடையது?

(கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், லயத்துக் கூரை எல்லாம் பேசி முடித்த பிறகு கண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இதுவும் சம்பளப் பேச்சுதான். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைகிறவருக்குக் கண் மங்கினால் வெட்டு ஆழமாகிறது. மரத்தில் காயம் விழுகிறது. அந்தக் காயத்தை மண்டோர் பார்க்கிறார். கிராணிகளாகிய நாங்கள் எழுதுகிறோம். வெட்டியவர் கண்ணில் புரை விழுந்திருப்பதை எழுத எந்த ஆபீசிலும் ஒரு புத்தகம் கிடையாது.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தேசியக் கண் ஆய்வு ஒன்று நடந்தது. பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் கண்புரையே என்று அதில் தெரிந்தது. கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்துப் போவது. சொட்டு மருந்தால் தீராது. ஆபரேஷன் செய்து வேறு வில்லை வைத்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பும். அப்படியிருந்தும் நம் பெரியவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு லயத்திலே உட்கார்ந்திருப்பது ஏன்?

பயம் என்கிறார்கள். பயமும் உண்டுதான். ஆனால் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு வேறொன்றும் தெரிகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வாங்கும் கட்டணம் சொற்பம். தோட்டத்திலிருந்து அங்கே போய்வரும் செலவோ அப்படியல்ல. பஸ் இல்லாத தோட்டங்களில் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். பரிசோதனைக்கு ஒரு தடவை, ஆபரேஷனுக்கு ஒரு தடவை, பிறகு கட்டவிழ்த்துப் பார்க்க இன்னும் சில தடவை. வேலையில் இருப்பவருக்கு டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் சட்டப்படி சம்பளத்தோடு நோய் லீவு உண்டு. கையைப் பிடித்து அழைத்துப் போகும் மகளுக்கு அது இல்லை. மழை பெய்தால் நமக்கு வேலை இல்லை. வெயில் அடிக்கும் நாளையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டால் அந்த மாதச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? இதை நினைத்துத்தான் கிழவரும் கிழவியும் "எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்று பொய் சொல்லிவிடுகிறார்கள்.

இதே முடிச்சை மதுரையிலே அவிழ்த்திருக்கிறார்கள். அங்கே டாக்டர் வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று 58ஆம் வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கானோருக்கு ஆபரேஷன் செய்தார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பதிலிருந்து முடியாதவருக்குச் சிகிச்சை என்பது அவர்கள் வகுத்த வழி. கிராமங்களில் முகாம் போட்டு, ஆபரேஷன் இலவசம் என்றும் அறிவித்தார்கள். பெயர் கொடுத்தவர்களில் பலர் வரவில்லை! விசாரித்தால் பஸ் காசு இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு ஆளில்லை. பிறகு முகாமிலிருந்தே நேராக பஸ்ஸில் ஏற்றி, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரிலே கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போனதால் பயமும் குறைந்தது. உள்ளூர்ச் சங்கங்களும் ஆலைகளும் முகாமுக்கு இடமும் விளம்பரமும் கொடுத்தன. வெளிநாட்டிலிருந்து வந்த வில்லை விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலாப் என்ற பட்டறையைத் தொடங்கி, தாங்களே குறைந்த விலையில் செய்யவும் ஆரம்பித்தார்கள்.

வில்லை செய்யும் வேலை நமக்கு வேண்டாம். பஸ் வேலை நம்மால் முடியும்.

நாம் கொண்டுவந்திருக்கும் தீர்மானம் இதுதான். உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 2 வெள்ளி, சந்தாவுக்கு மேல். நம் கிளையில் 120 பேர். மாதம் 240 வெள்ளி, வருஷத்திற்கு 2,880. இந்தப் பணத்தில் ஒரு காசு கூட டாக்டருக்குப் போகாது. வேன் வாடகை, சாப்பாடு, துணைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி, ஆபரேஷனுக்குப் பின் தேவைப்பட்டால் கண்ணாடி, இவ்வளவே. எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு வேன்.

"இது நிர்வாகம் செய்ய வேண்டியது, நாம் ஏன் காசு போட வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நிர்வாகத்திடம் வண்டி கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் இல்லை. அந்தக் கோரிக்கையை விடப்போவதில்லை. ஆனால் பதில் வரும் வரையில் கண் காத்திருக்காது. பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கட்டணம் பல மடங்கு. அவர்களையும் இந்த வேனில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் கருத்து. மறுப்பு உள்ளவர்கள் இங்கேயே எழுந்து பேசலாம்.

இன்னும் இரண்டு சங்கதி. இனிப்பு நீர் உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். அந்த வியாதி விழித்திரையைக் கெடுத்துப் போன பார்வை, புரையைப் போலத் திரும்பி வருவது அரிது. ஸ்டோரில் அமோனியாவோ பால் உறைய ஊற்றும் அமிலமோ கண்ணில் தெறித்தால், உடனே சுத்தமான தண்ணீரை விட்டு கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள்.

தீர்மானம் நிறைவேறினால், வீட்டில் கண் மங்கியவர் பெயரைச் சம்பள நாளன்று ஆபீசுக்கு வெளியே போட்டிருக்கும் சங்க மேசையில் கொடுங்கள். ஐசியும், கிளினிக் அட்டை இருந்தால் அதுவும் வேண்டும். முதல் வேனில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இடம். அவர்களுக்குத் துணையாகப் போக இளைஞரணியில் நான்கு பேர் தேவை.