பாம்பு கடித்தால் முதல் வேலை என்ன?



காயல்பட்டினம், ஆத்தூர் பக்கம் ராத்திரியில் வாழைக்கும் கொடிக்காலுக்கும் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சேதி. கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்காது, வீங்காது. "எறும்புக்கடிதானே" என்று படுத்துவிடாதீங்க. இமை சொருகி, பேச்சு குழறினால் விஷம் ஏறுகிறது. அப்புறம் மூச்சே நின்றுவிடும். கண்ணாடிவிரியன் என்றால் வீக்கம் வரும், ஈறில் ரத்தம் கசியும்.

கயிறு கட்டாதீங்க, ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போகும். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலை மட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பாம்பைத் தேடி நிற்காமல், மந்திரிக்கப் போகாமல், 108-க்குச் சொல்லுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் விஷமுறிவு ஊசி ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

வரப்பில் இறங்குமுன் டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.