வலிமை வேறு, ஆயுள் வேறு



பாலம் கட்டும்போது, கலந்த கான்கிரீட்டில் சிறிது எடுத்துக் கனசதுர அச்சில் வார்த்து, நீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் பொறியிலிட்டு நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு பளுவைத் தாங்கிய பின் உடைகிறதோ, அதைக் கொண்டு அதன் வலிமையைக் கணிப்பார்கள். இச்சோதனையில் தேறிய கான்கிரீட்டால் அமைந்த பாலத் தளம் நெடுங்காலம் வாழும் என்று எண்ணிவிடலாமா? எண்ணலாகாது. வலிமை வேறு, ஆயுள் வேறு.

இவ்வுண்மையைப் பெரும்பொருள் இழந்து கற்றது அமெரிக்க நாடு. அங்கே குளிர்காலத்தில் சாலைமேல் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்புநீர் பாலத் தளத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல இறங்குகிறது. உள்ளேயுள்ள எஃகுக் கம்பிகளைச் சிமெண்டின் காரத்தன்மை ஒரு மெல்லிய படலத்தால் காத்துவருகிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைக் குலைக்கவே, கம்பி துருப்பிடிக்கிறது. துருவோ, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தால் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே ஏடு ஏடாகப் பிரிகிறது. மேலே பார்ப்பவர்க்கு ஒன்றும் புலப்படாது.

மறைந்திருக்கும் இந்நோயை எவ்வாறு அறிவது? சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? பொறியாளரும் அதையே செய்கிறார். இரும்புச் சங்கிலியைத் தளத்தின்மேல் இழுத்துச் செல்கிறார். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று எழும். பிரிந்த இடத்தில் பொள்ளலாக ஒலிக்கும்.

வந்தபின் அறிவதினும் வருமுன் காப்பது நன்று. அதற்கும் ஒரு சோதனை உண்டு. 50 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் வில்லையின் ஒருபுறம் உப்புக் கரைசலும், மறுபுறம் காரக் கரைசலும் வைத்து, 60 வோல்ட் மின்னழுத்தத்தை 6 மணி நேரம் அளிப்பார்கள். கடந்த மின்னூட்டம் 4,000 கூலும்புக்கு மேற்பட்டால், உப்பு எளிதில் புகக்கூடிய கான்கிரீட் அது. 1,000-க்குக் குறைந்தால், நன்கு தடுக்க வல்லது. வலிமையில் ஒத்த இரு கான்கிரீட்டுகள் இச்சோதனையில் பெரிதும் வேறுபடுவதுண்டு.

வேறுபாடு எதனால்? வேலை எளிதாகட்டும் என்று நீரை மிகுதியாக ஊற்றினால், சிமெண்டோடு சேராத நீர் துளைகளை விட்டுச் செல்லும். ஆகவே நீரை அளந்து ஊற்றுதல், கம்பியின்மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருத்தல், வார்த்த தளத்தை ஈரச் சாக்கிட்டு நனைத்துவருதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. அனல்மின் நிலையச் சாம்பலை அளவறிந்து சேர்ப்பதும் துளைகளை நுண்ணியவாக்கும்.

பனி பெய்யாத நமக்கு இது எதற்கு என்று எண்ணாதீர்கள். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தைப் போலக் கடல்மேல் நிற்கும் பாலங்களுக்கு, அலையும் காற்றுமே உப்பைக் கொண்டு சேர்க்கின்றன. நாளை உங்களில் சிலர் பாலம் கட்டுவீர்கள். 28-ஆம் நாள் மதிப்பெண்ணோடு மனநிறைவு கொள்ளாதீர்கள். ஐம்பதாம் ஆண்டில் அப்பாலத்தைக் கடக்கப்போகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.