லட்சுமியின் நிறம் யாருடைய நிறம்?



ஓவியம் படிக்கச் சேர்ந்த முதல் ஆண்டு, லட்சுமி படம் வரையச் சொன்னார்கள். நான் என் அம்மாவின் நிறத்தில் வரைந்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "வேலைக்காரி மாதிரி இருக்கு, வெள்ளையாக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் வெள்ளையைக் குழைத்து அம்மாவின் மேல் பூசினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவர் மனதில் இருந்த லட்சுமி ரவிவர்மாவின் லட்சுமி. ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும், 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியாக வீடு வீடாகப் போனார்கள். சிவந்த மேனி, சரிகைச் சேலை, ரவிக்கை, நகை. இதைத்தான் காலங்காலமான மரபு என்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புப் படிமங்களைப் பாருங்கள். அங்கே வடித்திருக்கும் பார்வதிக்கு ரவிக்கை கிடையாது.

ரவிவர்மா 1848இல் திருவிதாங்கூரின் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர். அதே திருவிதாங்கூரில்தான் தோள்சீலை அணிந்ததற்காக நாடார் பெண்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். 1859இல் மன்னர் பணிந்து அனுமதி கொடுத்தபோதும், 'மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது' என்று நிபந்தனை போட்டார். அப்போது ரவிவர்மாவுக்கு 11 வயது. கண்ணியமான உடை யாருக்கு உரியது என்று சாதி தீர்மானித்த மண்ணிலிருந்துதான் நம் வீட்டுச் சுவருக்கு இந்தத் தெய்வங்கள் வந்தார்கள்.

கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுக்கும் இந்த அச்சுப்படங்கள் போயின என்பார்கள். உண்மைதான். திருவிதாங்கூரில் கோயில் கதவு திறந்ததே 1936இல்தான். ஆனால் காசு கொடுத்துப் படம் வாங்கிய நம் பாட்டிகளின் சாயல் அந்தப் படத்தில் இல்லை.

"சாமி எந்த நிறமானால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். எனக்கும் சாமி நம்பிக்கை இல்லை. ஆனால் 'மகாலட்சுமி மாதிரி மருமகள்' தேடுகிறவர்கள் எந்த நிறத்தைத் தேடுகிறார்கள்? கறுத்த பெண்ணை எந்தச் சாமியோடு ஒப்பிடுகிறார்கள்? நம் பிள்ளைகள் முகத்தில் கிரீம் பூசுவது யாரைப் போல ஆவதற்கு?

தூரிகை பிடிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது வெள்ளையாக்கச் சொன்னால், "ஏன்?" என்று கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை.