தோற்றவர்களும் திடலுக்கு வர வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பாராட்டிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், இந்த மேடையிலிருந்து பார்த்தால் பரிசு வாங்குகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். வாங்காதவர்கள் பின்னால் இருக்கிறார்கள். பின்னால்தான் கூட்டம் அதிகம்! என் பள்ளி நாட்களில் நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இன்றைக்குப் பின்வரிசையோடு கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். நம்ம பிள்ளைகளுக்குக் காற்பந்து என்றால் உயிர். அதனால் காற்பந்தைப் பற்றியே சொல்கிறேன்.

சான் மரினோ என்று ஒரு நாடு. நான்கு பக்கமும் இத்தாலி சூழ்ந்திருக்க, நடுவிலே ஒரு மலையும் அதன் அடிவாரமும்தான் நாடு. பரப்பளவு 61 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறக்குறைய 34,000. அந்த நாட்டு மக்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து நம் புக்கிட் ஜாலில் அரங்கில் உட்கார வைத்தாலும் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும்! மரினுஸ் என்ற கல்வேலைத் தொழிலாளி ஒருவர் 301ஆம் ஆண்டில் அந்த நாட்டைத் தோற்றுவித்தார் என்று அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தச் சின்னஞ்சிறு நாடு 1988ஆம் ஆண்டில் ஃபீஃபாவில் உறுப்பியம் பெற்றது. 1990 நவம்பரில் முதல் போட்டி ஆட்டம். சுவிட்சர்லாந்திடம் 0-4 என்று தோல்வி. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் அலுவலகம், தொழிற்சாலை, கல்லூரி என்று போய்விட்டு, மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். எதிரே நிற்பவர்களோ பந்தாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள். எப்படி ஈடு கொடுப்பது? 2006ஆம் ஆண்டில் ஜெர்மனி அவர்கள் ஊருக்கே வந்து 13 கோல் போட்டது. இவர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் குழு, பக்கத்துத் தோட்டத்திடம் ஒன்பது கோல் வாங்கியது. இடைவேளையிலேயே இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டோம். ஆமாம், அதில் ஒருவன் நான்தான். மிச்ச நேரமும் மற்ற ஒன்பது பேரும் ஆடி முடித்தார்கள். தோற்ற வெட்கம் ஒரு வாரத்தில் போய்விட்டது. பாதியில் ஓடிய வெட்கம் இன்னும் போகவில்லை.

சான் மரினோக்காரர்கள் அப்படி ஓடவில்லை. ஓடாததால் கிடைத்ததையும் கேளுங்கள். 1993 மார்ச்சில் துருக்கியோடு 0-0 என்று சமன். அதே ஆண்டு நவம்பரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இங்கிலாந்தைச் சந்தித்தார்கள். ஆட்டம் தொடங்கி 8.3 விநாடிதான். இங்கிலாந்துக்காரர் ஒருவர் பந்தைப் பின்னுக்குத் தட்ட, டேவிடே குவால்தியேரி பாய்ந்து கோலாக்கிவிட்டார்! முடிவில் இங்கிலாந்து 7-1 என்று வென்றது உண்மைதான். ஆனால் தகுதிச் சுற்றின் அதிவேக கோல் என்ற அந்தச் சாதனை 2016 வரைக்கும் நின்றது.

2004 ஏப்ரலில் லிக்டென்ஸ்டைன் நாட்டோடு ஒரு நட்புமுறை ஆட்டம். ஆண்டி செல்வா கோல் போட, 1-0 என்று முதல் வெற்றி கிடைத்தது. அதன் பிறகு? 140 ஆட்டங்கள் ஒரு வெற்றிகூட இல்லை! அதிலே தொடர்ந்தாற்போல் 61 தோல்விகள். 2014 நவம்பரில் எஸ்தோனியாவோடு 0-0 என்று சமன் கண்டபோதுதான் அந்தச் சங்கிலி அறுந்தது.

2016இல் ஜெர்மனி மறுபடியும் வந்து 8-0 என்று வென்றது. அப்போது ஜெர்மனியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் தாமஸ் முல்லர், இப்படிப்பட்ட ஆட்டங்களால் என்ன பயன் என்ற கருத்துப்படப் பேசினார். சான் மரினோவிலிருந்து ஒருவர் பகிரங்கக் கடிதம் எழுதி, என்னென்ன பயன் என்று அடுக்கடுக்காகப் பதில் சொன்னார். பெற்றோர்களே, இந்தக் கேள்வி நமக்கும் பழக்கமான கேள்விதானே? "இத்தனை கொஞ்சம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமா? பெரிய பள்ளிகளோடு இவர்கள் எதற்குப் போட்டிக்கு வருகிறார்கள்?" என்று கேட்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு முழுப்பதில் திடலிலேதான் வந்தது. 2023இல் டென்மார்க், கஜகஸ்தான், பின்லாந்து என அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றாலும், மூன்றிலும் கோல் போட்டார்கள். 2024 செப்டம்பர் 5ஆம் நாள், சொந்தத் திடலில், லிக்டென்ஸ்டைனை 1-0 என்று வென்றார்கள். போட்டி ஆட்டம் ஒன்றில் அதுவே முதல் வெற்றி. கோல் போட்டவர் 19 வயது நிக்கோ சென்சோலி. 2004இல் முதல் வெற்றி கிடைத்த நாளில் அந்தப் பிள்ளை பிறந்திருக்கவே இல்லை!

அதே ஆண்டு நவம்பரில் லிக்டென்ஸ்டைனின் தலைநகருக்கே போனார்கள். முற்பாதியில் 0-1 என்று பின்தங்கினார்கள். பிற்பாதியில் மூன்று கோல் போட்டு 3-1 என்று வென்று, ஐரோப்பிய நாடுகள் லீக்கில் மேற்பிரிவுக்கு ஏறினார்கள். வெளியூரில் அவர்கள் கண்ட முதல் வெற்றி அது. அப்போது உலகத் தரவரிசையில் அவர்கள் இடம் 210. அதாவது கடைசி இடம்.

லிக்டென்ஸ்டைனும் சின்ன நாடுதான். ஜெர்மனியை இவர்கள் வென்றுவிடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பிள்ளையும் முதல் பரிசு வாங்கிவிடாது. ஆனால் சென்சோலி அந்த கோலைப் போடுவதற்கு ஒரு குழு இருந்ததே, அது எப்படி இருந்தது? 13 கோல் வாங்கியவர்கள் மறுநாளும் பயிற்சிக்கு வந்ததால் இருந்தது.

பெற்றோர்களே, பிள்ளை தேர்ச்சி அறிக்கையோடு வரும்போது, "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை?" என்று கேட்காதீர்கள். "போன தடவைக்கு இந்தத் தடவை எப்படிய்யா?" என்று கேளுங்கள். பின்வரிசைச் செல்வங்களே, அடுத்த ஆண்டும் போட்டிக்குப் பேர் கொடுங்கள். பாதியில் மட்டும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.