வாசலில் பதித்த பெயர்



நாஜி ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த எண்ணிக்கையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கேட்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் ஒரு முகம்கூடக் கண்முன் வருவதில்லை. ஆகவே இன்று உங்களோடு ஒரு வீட்டு வாசலைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து 1940ஆம் ஆண்டில், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களை நாஜிகள் நாடு கடத்தினார்கள். அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட பாதையை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தெருவில் குறித்து வைத்தார். அதைப் பார்த்த ஒரு மூதாட்டி, அப்படிப்பட்டவர்கள் எங்கள் பகுதியில் குடியிருந்ததே இல்லை என்றாராம். பக்கத்தில் வாழ்ந்தவர்களை ஊர் அவ்வளவு சுத்தமாக மறந்துவிட்டது!

அந்த மறதிக்குப் பதிலாக டெம்னிக் 1992இல் ஒரு கல்லைப் பதித்தார். பத்து சென்டிமீட்டர் சதுரம். மேலே பித்தளைத் தகடு. ‘இடறு கல்’ என்பது அதன் பெயர். பின்னர் யூதர்களுக்கும், நாஜிகளால் துன்புற்ற மற்றவர்களுக்கும் இத்தகைய கற்கள் பதிக்கப்பட்டன. பெரும்பாலானவை ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று தொடங்கும். அடுத்து பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுசெல்லப்பட்ட ஆண்டு, நேர்ந்த முடிவு. அவர் விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டின் முன், நடைபாதையிலேயே அது பதிக்கப்படுகிறது. 2023இல் நூரம்பெர்க் நகரில் 100,000ஆவது கல் பதிக்கப்பட்டது.

ஏன் வீட்டு வாசலில் என்று நீங்கள் கேட்கலாம். கொடுமை தொடங்கியது அங்கேதான். 1933இல் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். 1935இல் சட்டம் போட்டு அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1939 தொடக்கம், ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தினார்கள். 1941இல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வைத்தார்கள். அதே ஆண்டில் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கட்டில், மேசை, துணிமணிகள் பகிரங்க ஏலத்திற்கு வந்தன. வாங்கியவர்கள் ஊர்க்காரர்கள்! எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிறகு எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கற்களை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பெயர்கள் மீண்டும் காலில் மிதிபடலாமா என்று மியூனிக் யூத சமூகத்தின் தலைவர் சார்லோட் நோப்லோக் எதிர்த்தார். 2004இல் அந்நகர மன்றம் பொது இடங்களில் கற்களுக்கு அனுமதி மறுத்தது. 2018 முதல் அங்கே சுவர்களிலும் கம்பங்களிலும் கண் மட்டத்தில் பெயர்ப் பலகைகள் வைக்கப்படுகின்றன. முறை வேறு, ஆனால் இரண்டிலும், பெயர் வீட்டு முகவரிக்கே திரும்பி வருகிறது.

ஜெர்மனிக்குச் செல்ல உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், ஒரு கல்லின் முன் நின்று குனிந்து படியுங்கள். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பாருங்கள். சில கற்களில் விடை மூன்று, நான்கு என்று வரும். பிறகு நிமிர்ந்து, எதிர்வீட்டு ஜன்னலைப் பாருங்கள். அன்று அந்த ஜன்னலுக்குப் பின்னால் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

இந்தக் கேள்வியை உங்களிடம் விட்டு விடைபெறுகிறேன்.