மாத்திரைக்குப் பின் வரும் தடிப்பு: அம்மை என்று இருந்துவிடாதீர்கள்

(மாதாந்திரக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு மருத்துவ உதவி கேட்டு ஒரு குடும்பத்தார் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். யூரிக் அமிலத்துக்காக அலோபியூரினால் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பெரியவருக்கு, மூன்றாவது வாரத்தில் காய்ச்சல், கண் எரிச்சல், உதட்டில் புண், மார்பில் சிவந்த தடிப்பு. வீட்டில் அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்க வைத்திருந்தார்கள். நாங்களும், "அம்மையாகத்தான் இருக்கும், இரண்டு நாள் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அந்த இரண்டு நாளும் மாத்திரை நிற்கவில்லை. மூன்றாம் நாள் தோல் கொப்புளம் கண்டு உரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் பார்வை முன்போல் இல்லை. எங்கள் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறோம்.

இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். 1922-இல் இதை எழுதி வைத்த இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் பெயர் அது. உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்துவிட்டால் உயிருக்கே பெரும் ஆபத்து. 'டிரெஸ்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் காய்ச்சல், தடிப்போடு முகம் வீங்கும், நெறி கட்டும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். முதல் வகை பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 வாரத்துக்குள் வரும். டிரெஸ் 2 முதல் 8 வாரத்துக்குள் வரும். இத்தனை நாள் கழித்து வருவதால்தான் மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வலிப்புக்கான கார்பமஸெபின், ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின், சல்பா வகை மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் ஆகியவற்றாலும் இது வரலாம். ஆனால் மிக அபூர்வமாகவே வரும். எனவே பயந்துபோய் நன்றாக ஒத்துக்கொள்ளும் மருந்தை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம்.

புதிய மருந்து தொடங்கிய பின் காய்ச்சலோடு தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், கொப்புளம், முக வீக்கம் கண்டால், இரவானாலும் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். காரணமான மருந்தை உடனே நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. அதற்குப் பதில் எதைக் கொடுப்பது என்று மருத்துவர் சொல்வார்.

ஒருமுறை இப்படி வந்தவர் அந்த மருந்தை ஆயுளுக்கும் தொடக் கூடாது. அந்தப் பெரியவர் வீடு திரும்பியதும், "எந்த மாத்திரை?" என்று கேட்டோம். வீட்டில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்துத்தான் எழுதிக் கொடுத்தோம். உங்கள் வீட்டிலும் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் அட்டையோடு அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். தடிப்போடு வருபவர்களை இனி, "இரண்டு நாள் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப மாட்டோம். இன்ஷா அல்லாஹ், வண்டி பிடித்து அனுப்பி வைப்போம்.